லண்டன் எத்தனை தூரம்?

"ஏண்டா, லண்டன் இங்கேயிருந்து எத்தனை தூரம் இருக்கும்?"

என் பெரியம்மா இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது 2023-ஆம் வருஷம் தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடியற்காலை நான்கு மணிக்கு. கும்பகோணத்தில் எங்கள் பூர்வீக வீட்டுக் கூடத்தில் பெரியப்பாவைக் கிடத்தித் தலைமாட்டில் விளக்கு ஏற்றியாகிவிட்டது. உயிர் பிரிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. எண்பத்து நான்கு வயது. மூன்று தலைமுறையைக் கண்டவர். படுக்கையில் கிடந்து அவஸ்தைப்படாமல் போய்ச் சேர்ந்தார். அழுகைகூட அடங்கித்தான் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் இருந்த அத்தனை பேர் மனத்திலும் ஒரே ஒரு கவலை இருந்தது. பெரியப்பாவின் ஒரே பிள்ளை லண்டனில் இருந்தார்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுத்தவன். அலமாரியின் மேல்தட்டில் ஒரு பூகோள உருண்டை தூசி படிந்து கிடக்கிறது. எந்த ஊர் எங்கே இருக்கிறது, எத்தனை மைல், அங்கே இப்போது மணி என்ன என்பதெல்லாம் குடும்பத்தில் என் இலாகா. யாராவது வெளிநாடு போகிறார்கள் என்றால் விமான டிக்கெட்டுக்கு அடுத்தபடியாக என்னைத்தான் தேடுவார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"ஐயாயிரத்து நூறு மைல், பெரியம்மா. எண்ணாயிரத்து இருநூறு கிலோமீட்டர்" என்றேன்.

பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மைல் கணக்கை நான் என்னடா செய்யட்டும்? அண்ணா எப்போது வந்து சேருவான், சொல்லு" என்றாள்.

அப்போதுதான் முப்பது வருஷமாக நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது பாதிக் கணக்கு என்பது எனக்கு உறைத்தது.

கணக்கு இப்படி இருந்தது. இங்கே செவ்வாய் காலை நான்கு மணி என்றால் லண்டனில் திங்கள் இரவு பத்தரை மணி. குளிர் காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். கோடையில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொள்வதால் நாலரை. அண்ணாவுக்குச் செய்தி போய்விட்டது. அன்றிரவு சென்னைக்கு நேராக வரும் விமானம் ஒன்றும் இல்லை. மறு நாள் பகல் ஒரு மணிக்கு ஒன்று இருந்தது. லண்டனில் ஒரு மணி என்றால் இங்கே மாலை ஆறரை. பத்து மணி நேரப் பறப்பு. ஆக, புதன்கிழமை காலை நாலரைக்கு மீனம்பாக்கம். அங்கிருந்து கும்பகோணம் மோட்டாரில் ஆறு மணி. பதினோரு மணிக்கு வீடு.

இந்தக் கணக்கைக் கேட்டு எல்லாரும் மூச்சு விட்டார்கள், ஒருவரைத் தவிர. பெரியம்மாவின் தமையனார், எங்களுக்கெல்லாம் மாமா, திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். "ஒரு ராத்திரி வைத்திருக்கலாம், ஐஸ் பெட்டி இருக்கிறது. இரண்டாம் ராத்திரி கூடாது. புதன்கிழமை பன்னிரண்டுக்கு ராகு காலம் வருகிறது. அதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். அவன் வராவிட்டால்..." என்று சொல்லி என் பக்கம் திரும்பினார்.

பிள்ளை இல்லாத இடத்தில் தம்பி மகன் கொள்ளி வைக்கலாம். அந்தத் தம்பி மகன் நான்தான். என் பெரியப்பாவுக்கு அந்தக் கைங்கரியத்தைச் செய்ய எனக்கு என்ன தடை? தோளில் தூக்கி வைத்துக் கோயில் உற்சவம் காட்டினவர். ஆனால், எழுபது எண்பது பேர் கூடியிருக்கும் இடத்தில் அவருடைய பிள்ளை ஆகாயத்தில் எங்கோ வந்துகொண்டிருக்க, நான் மண் சட்டியைத் தூக்கி நடப்பதாக நினைத்தபோது வயிற்றில் ஏதோ புரண்டது.

ஐஸ் பெட்டிக்காரர்கள் வருவதற்குள் நான் மாடிக்குப் போய் உருண்டையை இறக்கித் தூசியைத் துடைத்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. துக்க வீட்டில் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒரு வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள். எனக்குத் தெரிந்தது அதுதான்.

உருண்டையில் இரண்டு ஊர்களுக்கு இடையே தூரம் பார்க்க ஒரு நூல் போதும். ஒரு முனையைச் சென்னையில் வைத்து மறு முனையை லண்டனில் வைத்து இறுக்கிப் பிடித்தால், நூல் தானாகவே மிகக் குறுகிய வழியைக் காட்டிவிடும். சுவரில் மாட்டும் தட்டையான படத்தில் கோல் வைத்துக் கோடு இழுத்தால், அது அரபிக் கடல், பாரசீக வளைகுடா, ஈராக், துருக்கி என்று போகும். பிள்ளைகள் எல்லாரும் அதுதான் நேர் வழி என்பார்கள். உருண்டையின்மேல் நூலோ வேறு விதமாகப் போகிறது. நாசிக் அருகே ஏறி, கத்தியவார், பலூசிஸ்தானம், பாரசீகத்தின் வடகிழக்கு, காஸ்பியன் கடல், காகஸ மலைகள், அஸோவ் கடல், உக்ரேன், போலந்து, ஜெர்மனி என்று வடக்கே வளைந்து லண்டனில் இறங்குகிறது. இந்த வளைவுதான் குறுகிய வழி என்பதைப் பிள்ளைகளை நம்பவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு பூசணிக்காயும் ஒரு முழம் நூலும் கொண்டுபோய்க் காட்டினால்தான் நம்புவார்கள்.

அந்த நூல்வழியைப் பார்த்தபோது, அண்ணாவின் விமானம் அதன்மேல் வரப்போவதில்லை என்பது எனக்குத் தெரிந்தது. 2022-ஆம் வருஷம் பிப்ரவரியில் யுத்தம் மூண்ட அன்றே உக்ரேனின் ஆகாயம் பிரயாணி விமானங்களுக்கு மூடப்பட்டது. மறு நாள் ருஷ்யா தன் ஆகாயத்தைப் பிரிட்டிஷ் விமானங்களுக்கு மூடியது. அதற்கு முந்தின வருஷம் காபூலில் ஆட்சி மாறியது முதல் பெரும்பாலான கம்பெனிகள் ஆப்கானிஸ்தானத்தின் மேல் பறப்பதை விட்டுவிட்டன. 2019-ல் பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதிவரை பாகிஸ்தான் தன் ஆகாயத்தை மூடி வைத்திருந்தது. டில்லியிலிருந்து மேற்கே போன விமானங்களெல்லாம் குஜராத்துக்கு இறங்கிக் கடல் வழியாகச் சுற்றின. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மறுபடியும் அந்தக் கதவு மூடப்பட்டது. மேகத்துக்கும் மேலே வேலியும் படலும் இருக்கின்றன. இதன் விளைவாக விமானங்கள் பெரும்பாலும் தெற்கே வளைந்து, துருக்கி, வளைகுடா, அரபிக் கடல் என்று வருகின்றன. அதாவது, நான் பிள்ளைகளிடம் தப்பு என்று சொல்லி வந்த தட்டைப் படத்துக் கோட்டின் மேலேயே! ராஜ்யங்களின் சண்டை பூமியைத் தட்டையாக்கிவிட்டது.

கூடத்தில் ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். காப்பி வந்தது. இம்மாதிரி வேளையில் பழைய கதைகள் கிளம்புவது இயல்பு. மாமாவே ஆரம்பித்தார். "இந்தக் காலம் பரவாயில்லை. உன் தாத்தாவின் அண்ணா என்ன செய்தார், தெரியுமா?"

எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை அது. தாத்தாவின் அண்ணா 1931-ல் பாரிஸ்டர் பரீட்சைக்காக லண்டனில் படித்துக்கொண்டிருந்தார். இங்கே அவருடைய தகப்பனார் காலமானார். தந்தி அடித்தார்கள். கடலடிக் கம்பி வழியாகத் தந்தி ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் மனிதன் வர வேண்டுமே! அதே வருஷம் மகாத்மா காந்தி வட்டமேஜை மகாநாட்டுக்குப் போன பிரயாணத்தை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். ஆகஸ்டு 29-ஆம் தேதி பம்பாயில் 'ராஜபுதானா' கப்பல் ஏறினார். செங்கடலும் சூயஸ் கால்வாயும் கடந்து மார்சேல்ஸில் இறங்கி, பிரான்ஸ் தேசத்தை ரயிலில் தாண்டி, செப்டம்பர் 12-ஆம் தேதி லண்டன் போய்ச் சேர்ந்தார். கடைசியில் கப்பலிலிருந்து ரயிலுக்கு மாறி நேரத்தை மிச்சம் பிடித்தும் பதினைந்து நாள். கும்பகோணத்துப் பிள்ளைக்கு அதற்கு மேல் பம்பாயிலிருந்து இங்கே வரும் ரயில் வேறு இருக்கிறது.

ஆகவே அவர் புறப்படவேயில்லை. தேம்ஸ் நதியில் ஸ்நானம் செய்யலாமென்று போனாராம். கரையில் நின்று பார்த்துவிட்டுக் குளிருக்கு அஞ்சித் திரும்பி வந்து, தங்கியிருந்த வீட்டுக் குழாயில் பச்சைத் தண்ணீரில் முழுகினாராம். பத்து நாளும் கையால் பொங்கித் தின்று தீட்டுக் காத்தாராம். இங்கே கருமாதி எல்லாம் எப்படி நடந்தது என்று விவரித்துத் தாத்தா எழுதிய கடிதம் அவர் கைக்குக் கிடைத்தபோது, இங்கே முதல் மாசியம் நெருங்கிவிட்டது. அந்தக் கடிதத்தை அவர் சாகும்வரை பெட்டியில் வைத்திருந்தார்.

அதையும் பெரிய விஷயம் என்று சொல்ல முடியாது. 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறப்பதற்கு முன்னால் கப்பல்கள் ஆப்பிரிக்கா முழுவதையும் சுற்றிக்கொண்டு வந்தன. சென்னைக்கு வரக் காற்று அனுகூலமாக இருந்தால் நாலு மாதம், இல்லாவிட்டால் ஆறு மாதம். அந்தக் காலத்தில் சீமையில் ஒருவர் இறந்தார் என்ற செய்தி இங்கே வருவதற்குள் அவருக்காக அழ வேண்டியவர்களே இறந்து போவதுண்டு.

ஆகாய மார்க்கம் திறந்த கதை இதைவிட ரஸமானது. பிரிட்டிஷ் இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனி 1929 மார்ச்சு 30-ஆம் தேதி லண்டனிலிருந்து கராச்சிக்குத் தபாலும் பிரயாணிகளும் கொண்டுவரும் போக்குவரத்தைத் தொடங்கியது. ஏழு நாள் பிரயாணம். லண்டன் பக்கத்தில் கிராய்டனில் விமானம் ஏறினால் ஸ்விட்ஜர்லாந்தில் பாஸல் நகரத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஆல்ப்ஸ் மலைகளைத் தாண்ட ரயில். ஜெனோவாவில் தண்ணீரில் இறங்கக்கூடிய பறக்கும் படகு. அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து கெய்ரோவுக்கு மறுபடியும் ரயில். அப்புறம் வேறொரு விமானத்தில் காஸா, பாக்தாத், பாஸ்ரா என்று தத்தித் தத்திக் கராச்சி. இரவில் பறப்பதில்லை. பொழுது சாய்ந்தால் இறங்கி, சாப்பிட்டு, தூங்கி, காலையில் கிளம்ப வேண்டும். 1932-ல் மார்க்கம் வளைகுடாவின் அரபுக் கரைக்கு மாறியபோது, வெறும் மணலாகக் கிடந்த ஷார்ஜாவில் பிரயாணிகள் இரவு தங்குவதற்கென்றே ஒரு கோட்டை கட்டினார்கள். அந்தக் கட்டிடம் பிறகு காட்சிசாலையாயிற்று.

பாலைவனத்தில் வழி தெரிவது எப்படி? இதைப் படித்தபோது எனக்குப் பரம சந்தோஷம் உண்டாயிற்று. 1921-ல் பிரிட்டிஷ் ஆகாயப் படையினர் கெய்ரோவுக்கும் பாக்தாதுக்கும் இடையே தபால் கொண்டுபோக ஏற்பாடு செய்தபோது, மேலேயிருந்து பார்த்தால் தெரியும்படி பாலைவனத்தின் குறுக்கே கலப்பையால் சால் உழுது வைத்தார்கள். அந்தச் சாலைப் பார்த்துக்கொண்டே விமானி ஓட்டுவார். நம் ஊர்க் குடியானவன் ஏர் பிடித்து உழுத கோட்டின்மேல் ஆகாய விமானம் போனாற்போல! விதை போடாத அந்த உழவில் விளைந்தது நம்முடைய தபால்.

நம்முடைய தபால் என்று சொன்னது காரணத்தோடுதான். கராச்சிவரை வந்த கடிதம் சென்னைக்கு ரயிலில் வந்துகொண்டிருந்த நிலையை மாற்றியவர்கள் நம் நாட்டவர்கள். 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து 'புஸ் மாத்' என்ற சின்னஞ்சிறு விமானத்தில் தன்னந்தனியாகத் தபால் பையுடன் புறப்பட்டு, ஆமதாபாத்தில் இறங்கி, பம்பாய் ஜூஹுவில் வந்து சேர்ந்தார். ஆமதாபாத்தில் அவருடைய விமானத்துக்குப் பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன. பம்பாயிலிருந்து அதே தபாலை அவருடைய கூட்டாளி நெவில் வின்ஸென்ட் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். எங்கள் தாத்தாவின் அண்ணாவுக்கு ஒரு வருஷம் முன்னால் அது வந்திருந்தால், அந்தக் கடிதமாவது சீக்கிரம் கிடைத்திருக்கும்.

சுதந்திரம் வந்து பத்தே மாதத்தில், 1948 ஜூன் 8-ஆம் தேதி, ஏர் இந்தியா இன்டர்நேஷனல் கம்பெனியின் 'மலபார் பிரின்ஸஸ்' பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. முப்பத்தைந்து பிரயாணிகள். கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் இறங்கிப் போயிற்று. வாரத்துக்கு ஒரு தடவைதான். ஆனாலும் நம் கொடியைத் தாங்கிய விமானத்தில் நம்மவர்கள் லண்டனில் போய் இறங்கினார்கள். மற்றவர்கள் கப்பலில் எத்தனையாம் வகுப்பு என்று கேட்டுக்கொண்டிருந்த காலம் மாறிப்போயிற்று.

அந்த மலபார் பிரின்ஸஸின் முடிவை மட்டும் நான் கூடத்தில் சொல்லவில்லை. துக்க வீட்டில் சொல்லத் தகாது. 1950 நவம்பர் 3-ஆம் தேதி அது ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங் சிகரத்தில் மோதி நாற்பத்தெட்டுப் பேரும் மாண்டார்கள். பதினைந்து வருஷம் கழித்து 1966 ஜனவரி 24-ஆம் தேதி பம்பாயிலிருந்து லண்டன் மார்க்கத்தில் போன 'கஞ்சன்ஜங்கா' விமானமும் அதே மலையில் மோதியது. நூற்றுப் பதினேழு உயிர்கள் போயின. விஞ்ஞானி ஹோமி பாபா அதில்தான் மாண்டார். அந்த விமானத்திலிருந்த ராஜாங்கத் தபால் பை ஒன்று பனியாற்றில் புதைந்து, மெல்ல மெல்ல நகர்ந்து, 2012 ஆகஸ்டில் மலையடிவாரத்தில் வெளிப்பட்டது. நாற்பத்தாறு வருஷம்! எத்தனை மணி தூரம் என்ற கேள்விக்கு இப்படியும் ஒரு விடை உண்டு என்பதை நான் பெரியம்மாவிடம் எப்படிச் சொல்வேன்?

செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணி ஆயிற்று. விமானம் கிளம்பவில்லை. லண்டனில் மூடுபனி. அண்ணாவிடமிருந்து விமானத்தில் உட்கார்ந்திருப்பதாக மட்டும் செய்தி வந்தது. ஏழு, ஏழரை, எட்டு. மாமா ஒன்றும் பேசவில்லை. பஞ்சாங்கத்தை எடுத்து மறுபடியும் பார்த்தார். எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு விமானம் தரையை விட்டது. என் கணக்கில் ஒரு மணி நாற்பது நிமிஷம் உதைத்தது. பதினோரு மணி என்பது பன்னிரண்டே முக்காலாயிற்று.

விமானம் எங்கே பறக்கிறது என்பதைக் கைப்பேசியில் பார்க்கலாம் என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். உலகப் படத்தின்மேல் சின்னஞ்சிறு விமானப் பொம்மை எறும்பு ஊர்வதுபோல ஊரும். என் மருமகப் பிள்ளை அதைக் கண்டுபிடித்துப் பெரியம்மாவின் கையில் கொடுத்துவிட்டான். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கூடத்துத் தூணில் சாய்ந்து, அந்தப் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் பெட்டிக்குள் பெரியப்பா; மறு பக்கம் உள்ளங்கையில் பிள்ளை.

"இது நகரவே இல்லையேடா" என்பாள்.

"மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வருகிறது, பெரியம்மா."

"இப்போது எந்த ஊர்?"

"ஜெர்மனி."

சற்று நேரம் கழித்து, "குளிருமோ அவனுக்கு?" என்று கேட்டாள்.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரி இருக்கும். அதைச் சொல்லவில்லை. உள்ளே காற்றை அழுத்தி வைத்திருப்பதால் கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும் என்றேன். இது உண்மைதான், முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் பறந்தாலும் விமானத்துக்குள் ஆறாயிரம் ஏழாயிரம் அடி மலையில் இருக்கும் காற்றுத்தான் இருக்கும். பெரியப்பா அவளைக் கொடைக்கானலுக்கு ஒரு தடவை அழைத்துப் போயிருக்கிறார். பெரியம்மா தலையை ஆட்டினாள்.

நள்ளிரவுக்கு மேல் பொம்மை துருக்கியைத் தாண்டித் தெற்கே திரும்பியபோது ஒரு நல்ல சகுனம் தெரிந்தது. குளிர் காலத்தில் நமக்கு வடக்கே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று ஆறு மாதிரி ஓடும். மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேலும் அது வீசுவதுண்டு. லண்டனிலிருந்து இங்கே வருகிற விமானத்துக்கு அது முதுகில் கை கொடுத்துத் தள்ளும். இங்கிருந்து போகிறதற்கு மார்பில் கை வைத்துத் தடுக்கும். ஒரே வழியில் வருவதற்கும் போவதற்கும் ஒரு மணி நேரம் வித்தியாசப்படுவது இதனால்தான். அன்று அந்தக் காற்று அண்ணாவுக்கு இருபது நிமிஷம் கொடுத்தது. காலை ஐந்து ஐம்பதுக்கு விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கிவிட்டது.

தூங்காமல் இருந்தவர்கள் எல்லாரும் "இறங்கிவிட்டான்" என்றார்கள். பெரியம்மா கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, முதல் தடவையாக ஒரு வாய் காப்பி குடித்தாள்.

எட்டாயிரம் கிலோமீட்டர் முடிந்தது. இன்னும் ஏறக்குறைய இருநூற்று எண்பது கிலோமீட்டர் பாக்கி. அதற்குப் படம் காட்டும் பொம்மை கிடையாது. ஆறு நாற்பதுக்கு மோட்டார் கிளம்பியது. தாம்பரத்தில் நெரிசல். விக்கிரவாண்டி தாண்டிச் சாலை வேலை; வெட்டிப் போட்ட பாதையில் மண் லாரிகளுக்குப் பின்னால் ஊர வேண்டியிருந்தது. பத்து மணிக்குப் பேசினேன், பண்ருட்டி தாண்டவில்லை. பாரசீக வளைகுடாவை அரை மணியில் கடந்த மனிதர் கெடில ஆற்றைக் கடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

பதினோரு மணிக்கு மாமா எழுந்து பந்தலுக்குப் போனார். பாடை தயாராக இருந்தது. தப்பட்டைக்காரர்கள் வெயிலில் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். என்னைக் குளித்துவிட்டு வரச் சொன்னார். நான் கிணற்றடிக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் இறைத்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஊற்றிக்கொள்ளக் கை வரவில்லை.

பதினொன்றரைக்கு மாமா அங்கே வந்தார். "எங்கே இருக்கிறான்?"

"அணைக்கரை இன்னும் வரவில்லை, மாமா. ஒன்றரை மணி ஆகும்."

மாமா வானத்தைப் பார்த்தார். "பன்னிரண்டுக்கு முன்னால் எடுப்பதென்றால் இப்போதே ஆரம்பித்திருக்க வேண்டும். வாய்க்கரிசி போட இவ்வளவு பேர் இருக்கிறார்கள். நடுவிலே ராகு காலம் வந்துவிடும். கூடாது" என்றார். பிறகு, யாருக்கும் கேட்காத குரலில், "ஒன்றரைக்கு மேல்தான் எடுக்க முடியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் முதலிலேயே அப்படி எண்ணியிருந்தாரோ, அந்த நிமிஷத்தில் தோன்றிற்றோ, நான் இதுவரை கேட்கவில்லை. ராகு காலத்தினால் ஒரு குடும்பத்துக்கு நன்மை உண்டான கதையை நான் அறிந்தது அதுதான் முதல் தடவை. இறைத்த தண்ணீரை வாழைக்கு ஊற்றினேன்.

ஒரு மணி பத்து நிமிஷத்துக்கு மோட்டார் தெருமுனையில் நின்றது. பந்தல் மறித்துக்கொண்டிருந்ததால் உள்ளே வர முடியவில்லை. அண்ணா கம்பளிக் கோட்டோடு இறங்கினார். தை மாதத்து வெயிலில் அந்தக் கோட்டைக் கழற்றவேண்டும் என்றுகூடத் தோன்றாமல் தெருவில் நடந்து வந்தார். அந்த ஐம்பது அடியை அவர் நடந்து வர எத்தனை நேரம் ஆயிற்று என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. பெரியம்மா வாசல் வரையில் வந்து, கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

கிணற்றடியில் நான் தண்ணீர் இறைத்து ஊற்ற, அவர் குளித்தார். "நான் வராவிட்டால் நீ செய்திருப்பாய், இல்லையா?" என்று கேட்டார். "ஆமாம், அண்ணா" என்றேன். "அதை நினைத்துக்கொண்டுதான் வழியெல்லாம் உட்கார்ந்திருந்தேன்" என்றார். அதில் அவருக்கு ஆறுதல் இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று குரலிலிருந்து தெரியவில்லை. இரண்டு மணிக்குக் காவேரிக் கரைக்குப் புறப்பட்டோம். சட்டியை அவர்தான் தூக்கி வந்தார்.

கருமாதி முடிந்து பதினைந்தாம் நாள் அவர் திரும்ப வேண்டியிருந்தது. பெரியம்மாவையும் அழைத்துப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தார், அவள் வரவில்லை. வாசலில் மோட்டார் வந்து நின்றது. இட்டிலிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும்?" என்று கேட்டாள். இந்தத் தடவை என்னைக் கேட்கவில்லை, அவரைத்தான் கேட்டாள்.

"வந்ததைவிட ஒரு மணி கூடுதலாக ஆகும், அம்மா. எதிர்க்காற்று" என்றார் அண்ணா.